ருமட்டாய்டு மூட்டுவாதம் இருக்கு, கொலஸ்ட்ரால் நார்மல், ரத்தக்குழாய் பத்தி கவலைப்படணுமா?

விரல்மடக்கி: வயசு 46, ருமட்டாய்டு 9 வருஷமா. காலைல விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகும், அது பழகிடுச்சு. இப்போ ஒரு மாசமா மாடி ஏறினா இடது கெண்டைக்கால் மட்டும் இறுக்கிப் பிடிக்குது, நின்னா ரெண்டு நிமிஷத்துல விட்டுடுது, மறுபடி ஏறினா ஏறக்குறைய அதே படில பிடிக்குது. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 92 தான். மூட்டுவலி கணக்குல விட்டுடலாமா?

சாந்தா_அக்கா: விடாதீங்கப்பா. மூட்டுவலி நின்னவுடனே இப்படி சுத்தமா விடாது, நடந்தா பிடிச்சு நின்னா விடுறது கால் தசைக்கு ரத்தம் பத்தாததால இருக்கலாம். ஏபிஐ டெஸ்ட் கேளுங்க, ஊசி கீசி கிடையாது, கணுக்கால் பிரஷரை கை பிரஷரால வகுப்பாங்க, 0.9-ஓ அதுக்குக் கீழயோ வந்தா கால் குழாய்ல அடைப்புன்னு அர்த்தம்.

அந்த 92-ஐ நம்பி உக்காராதீங்க. உடம்புல அழற்சி கொதிக்கும்போது எல்டிஎல் இறங்கிடும், ரிப்போர்ட் அழகா இருக்கும், ஆனா குழாய்ச் சுவர் உள்ளுக்குள்ள கெட்டுட்டே இருக்கும். மருந்து வேலை செஞ்சு சிஆர்பி (ரத்தத்துல அழற்சியைக் காட்டுற அளவு) இறங்கினப்புறம் எடுத்தா எனக்கு 131! நோய் அடங்கியிருக்கும்போது எடுக்கிறதுதான் சரியான கணக்கு. ருமட்டாய்டுகாரங்களுக்கு சாதாரண ஹார்ட் ரிஸ்க் கணக்கை 1.5 ஆல பெருக்கணும்னு ஐரோப்பிய வாதநோய் அமைப்பு யூலார் சொல்லுது.

லூபஸ்வாசி: எனக்கு 38, லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்குற நோய்). மூச்சு வாங்குதுன்னா ‘லூபஸ்ல டயர்ட் சகஜம்’னு ரெண்டு டாக்டர் திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது ஆள் கழுத்துல ஜெல் தடவி கரோட்டிட் ஸ்கேன் பார்த்தாரு, குழாய்ச் சுவர்ல அரிசி மாதிரி ஒரு மேடு, பிளேக்காம், அதாவது கொழுப்புப் படிவு. கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாடின் மாத்திரை ஆரம்பிச்சாச்சு. நெஞ்சு இறுக்கம், தாடை வலி, இல்ல கால் திடீர்னு வெளுத்து ஜில்லுனு ஆனா நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க, இங்க வந்து போஸ்ட் போட்டுட்டு இருக்காதீங்க 🙏

விரல்மடக்கி: தினம் வலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரை போடுறேனே, அதுவும் சிக்கலா?

சாந்தா_அக்கா: ஆமா, பிரஷர் ஏத்தும், ஹார்ட்டுக்கும் நல்லதில்ல. டாக்டர்கிட்ட கேட்டு குறைங்க. ஸ்டீராய்டு எடுத்தா அதை மட்டும் நீங்களா சட்டுனு நிறுத்திடாதீங்க. சிகரெட் உண்டா?

விரல்மடக்கி: ம்ம்... நாளைக்கு நாலு. இன்னிக்கு ஏபிஐ எடுத்தேன் அக்கா, வலது 1.04, இடது 0.82. வியாழன் டாப்ளர், கால் குழாய்ல ரத்த ஓட்டம் பாக்குற ஸ்கேன்.