புதுப்பிப்பு: ஜி84 டேப்பிங்கில் எஃப் எதைக் குறிக்கிறது?

சிஎன்சி இயந்திர நிரலில் ஜி84 என்பது துளைக்குள் மரை வெட்டும் (டேப்பிங்) கட்டளை. அந்த வரியில் வரும் எஃப், நிமிட ஃபீடா (கருவி ஒரு நிமிடத்தில் நகரும் தூரம்) அல்லது மரையின் பிட்ச்சா (அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தூரம்) என்று முன்பு கேட்டிருந்தேன். எங்கள் கையேட்டில் ‘ஃபீட்’ என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது.

விடை கிடைத்துவிட்டது. ஃபானுக் கட்டுப்பாட்டு அமைப்பில் அது ஜி94 (நிமிடத்துக்கு ஃபீட்), ஜி95 (சுற்றுக்கு ஃபீட்) இரண்டில் எது நடப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எம்8 மரை (விட்டம் 8 மி.மீ.), பிட்ச் 1.25 மி.மீ., எஸ்400 (கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கு நிமிடத்துக்கு 400 சுற்று) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜி94 என்றால் 400 × 1.25, அதாவது எஃப்500. ஜி95 என்றால் எஃப்1.25 போதும்; ஸ்பிண்டில் வேகத்தை மாற்றினாலும் எஃப்பைத் தொட வேண்டாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஆனால் டேப்பிங் கட்டளையை முடித்துவைக்கும் ஜி80-க்குப் பின் ஜி94 போடாமல் விட்டால், அடுத்து வரும் மில்லிங் வரியின் எஃப்300, சுற்றுக்கு 300 மில்லிமீட்டர் என்றாகிவிடும்! கையேட்டின் ஓரத்தில் இதைச் சிவப்புப் பேனாவால் எழுதிவைத்துவிட்டேன்.

ரிஜிட் டேப்பிங்குக்கான (ஸ்பிண்டில் சுழற்சியையும் ஃபீடையும் ஒத்திசைத்து மரை வெட்டும் முறை) எம்29 கட்டளை பற்றித் தனியாக எழுதுகிறேன்.