ஜப்பானியவியலில் இடம் கிடைத்துவிட்டது

நான்: சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது! இளங்கலை ஜப்பானியவியல். அடுத்த மாதம் வகுப்பு தொடங்குகிறது.

அத்தை: வாழ்த்துகள்டா செல்லம்! ராத்திரி பகலாக அனிமே பார்த்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது.

நான்: அத்தை...

அம்மா: நான் சொன்னால் சண்டை. அத்தை சொன்னால் மூன்று புள்ளியோடு சரி.

பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) ஜப்பானிய மொழி தமிழிலிருந்தே பிறந்தது! ஜப்பான் பேராசிரியரே ஒப்புக்கொண்டார்! தமிழராக இருந்தால் பகிரவும்!

அக்கா: அப்பா, இதைப் போன வருடமும் போட்டீர்கள். அந்தப் பேராசிரியர் சுசுமு ஓனோ. பழைய ஜப்பானியத்துக்கு அகராதி தொகுத்த பெரிய அறிஞர்தான், 2008இல் காலமானார். தமிழோடு உறவு உண்டு என்று நிறைய எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை.

பெரியப்பா: அவர்கள் ஏற்காவிட்டால் பொய்யாகிவிடுமா?

அக்கா: ஆகாது. பகிர்ந்தால் மெய்யும் ஆகாது. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது மட்டும் நிஜம். வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘படித்துப் பார்’, ‘படித்து வை’ என்று நாம் துணைவினை சேர்ப்பது போலவே அவர்களும் சேர்ப்பார்கள். ஆனால் கொரியமும் துருக்கியமும்கூட இதே அச்சுதான்.

அக்கா: தங்கச்சி, உனக்கு இது லாபம். இலக்கணத்தில் அதிகம் திணற மாட்டாய். எழுத்துதான் ஆளைச் சாய்க்கும்.

அப்பா: எத்தனை எழுத்து?

அக்கா: ஹிராகனா 46, கத்தகானா 46. அது பிரச்சினையே இல்லை சித்தப்பா. அப்புறம் கான்ஜி, சீனாவிலிருந்து வந்த எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2136. பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்பு வேறு.

அம்மா: ஐயோ. பட்டம் முடிவதற்குள் அத்தனையுமா?

அக்கா: பயப்படாதீர்கள் சித்தி. அங்கே தொடக்கப்பள்ளி ஆறு வருடத்தில் பிள்ளைகளே 1026தான் படிக்கிறார்கள். தனி எழுத்தாக மனப்பாடம் செய்யாமல் சொல்லோடு சேர்த்துப் படித்தால் நிற்கும். தினமும் கொஞ்சம். பரீட்சைக்கு முந்தின இரவு வேலைக்கு ஆகாது.

நான்: அக்கா, பாடத்திட்டம் பார்த்தேன். மொழி பாதிதான் இருக்கிறது. மீதியெல்லாம் வரலாறு, இலக்கியம், சமூகம், அரசியல். முழுக்க மொழியாகவே எடுக்க முடியாதா?

அக்கா: மொழி மட்டும் போதும் என்றால் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கலாமே, பட்டம் எதற்கு? அந்த மீதிப் பாதிதான் உன் படிப்பு.

அக்கா: ஒரு உதாரணம் சொல்கிறேன். தொக்குகவா என்ற படைத்தலைவர் குடும்பத்தின் ஆட்சி, 1603 முதல் 1868 வரை. ‘ஜப்பான் இரண்டு நூற்றாண்டு கதவைப் பூட்டிக்கொண்டது’ என்று நாம் எல்லோரும் படித்திருப்போம். வகுப்பில் அதைத்தான் முதலில் உடைப்பார்கள். ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் நாகசாகியில் தெஜிமா என்ற செயற்கைத் தீவு கொடுத்தார்கள். சீன வணிகர்களும் அதே நாகசாகிக்கு வந்தார்கள். கொரியாவோடு சுஷிமா தீவு வழியாக, தெற்கே ரியூக்யூ அரசோடு (இன்றைய ஒகினாவா) சத்சுமா என்ற சிற்றரசு வழியாக, வடக்கே ஐனு மக்களோடு மத்சுமாயே என்ற சிற்றரசு வழியாகப் போக்குவரத்து இருந்தது. ஆக நான்கு வாசல். பூட்டவில்லை, யார் எந்த வாசலில் வரலாம் என்று அரசு முடிவு செய்தது. பிறகு ஏன் ‘பூட்டிய நாடு’ என்ற கதை இவ்வளவு பரவியது, அதனால் யாருக்கு லாபம்? நீ எழுதப்போகும் கட்டுரைகள் இப்படித்தான் இருக்கும்.

நான்: ஐனு என்றால் தனி இனமா?

அக்கா: ஆமாம், வடக்கே ஹொக்கைதோ தீவுப் பக்கத்துப் பழங்குடியினர். அவர்களைப் பழங்குடி மக்கள் என்று சட்டத்தில் எழுதியதே 2019இல்தான். ‘ஜப்பான் என்றால் ஒரே இனம், ஒரே மொழி’ என்பதும் முதல் வருடத்திலேயே அடிபட்டுவிடும்.

அத்தை: அனிமே பாடம் உண்டா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

அக்கா: சில இடங்களில் உண்டு அத்தை. பார்த்தால் மதிப்பெண் கிடையாது, யார் பணம் போட்டார்கள், யாருக்காக எடுத்தார்கள் என்று எழுத வேண்டும். தங்கச்சி, கதாநாயகன் பேசும் பேச்சை மட்டும் வகுப்பில் எடுத்துவிடாதே. ஆசிரியரை ‘டேய்’ போட்டுக் கூப்பிட்டதற்குச் சமம்.

அப்பா: எல்லாம் சரி. வேலை?

அக்கா: நேராகவே சொல்கிறேன் சித்தப்பா. பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள். மொழி நிலையைப் பார்ப்பார்கள், கூட வேறு என்ன தெரியும் என்று கேட்பார்கள். தொழிற்சாலைக் கூட்டங்களில் நான் மொழிபெயர்க்கிறேன், இயந்திரங்களைப் பற்றித் தெரியாமல் அந்த வேலை ஓடாது. வெளிநாட்டவரை அழைத்து வேலை தரும் ஜப்பான் அரசின் ஜெட் (JET) திட்டத்திலும் போகலாம். அதில் பெரும்பாலானோர் பள்ளிகளில் ஆங்கிலத்துக்குத் துணையாசிரியர்கள். உள்ளாட்சி அலுவலகங்களில் ஒருங்கிணைப்பாளராகப் போக நல்ல ஜப்பானியம் வேண்டும்.

அம்மா: ஏதோ தேர்வு எழுதினால் போதும் என்றார்களே?

அக்கா: ஜேஎல்பிடி, ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. ஐந்து நிலை, என்5 தொடக்கம், என்1 உச்சம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அதில் பேச்சுத் தேர்வு கிடையாது, சொந்தமாக எழுதிக் காட்டும் பகுதியும் கிடையாது, விடையைத் தேர்ந்தெடுப்பதோடு சரி. உயர்ந்த நிலையில் தேறியும் தொலைபேசியை எடுக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. அதனால்தான் அங்கே போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வா என்கிறேன்.

அப்பா: செலவு?

அக்கா: ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியோ பண்பாடோ படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கு, ஏறக்குறைய ஒரு வருடம். தூதரகம் வழியாகவோ பல்கலைக்கழகம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். போட்டி கடுமைதான். முதல் வருட மதிப்பெண்ணை விட்டுவிடாதே.

பெரியப்பா: என் மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஓனோ விஷயம் மட்டும் நான் விடுவதாக இல்லை.

நான்: விடாதீர்கள் பெரியப்பா. அதையே கட்டுரைத் தலைப்பாக வைக்கலாமா என்று பார்க்கிறேன்!

நான்: அக்கா, துணைப்பாடம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பொருளாதாரமா, மொழியியலா?

அக்கா: எது பிடிக்கும்?

நான்: மொழியியல். அப்பாவுக்குப் பொருளாதாரம்.

அப்பா: நான் ஒன்றும் சொல்லவில்லையே.

அம்மா: சொல்லாமல்தான் நேற்று ஒரு மணி நேரம் பேசினீர்களா?

அக்கா: மொழியியல் போடு. முதல் வருட முடிவில் மாற்றிக்கொள்ள விடுவார்களா என்று துறையில் கேட்டு வைத்துக்கொள். ஹிராகனாவை வகுப்புக்கு முன்பே முடித்துவிடு, அங்கே அதற்கென்று நிற்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நானே எழுதச் சொல்லிப் பார்க்கிறேன்.

அத்தை: நானும் வரட்டுமா?

அக்கா: வாருங்கள் அத்தை. நோட்டோடு.