லோக்கல் சேனல் கைமாறிய பிறகு உங்கள் ஊரில் என்ன நடந்தது?

கோபி பாசனம்
கீழ்பவானிப் பாசனத்தில் எங்கள் மதகுக்குத் தண்ணீர் விடும் முறை நடந்துகொண்டிருந்தபோது ஒரு ராத்திரி வாய்க்காலில் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிட்டது. எங்கோ உடைப்பு. காலையில் டிவியில் "ஈரோடு அருகே வாய்க்கால் உடைப்பு, விவசாயிகள் கவலை" என்று போட்டார்கள், அவ்வளவுதான். சேனலை மாற்றினால் அதே வீடியோ, அதே வரி. 124 மைல் வாய்க்கால்ங்க அது, எத்தனாவது மைலில் உடைந்தது, அடைக்க எத்தனை நாள் ஆகும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நாற்று நட்டுவிட்டு நிற்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

முன்பு எங்கள் கேபிள்காரர் நடத்திய சேனலில் இதெல்லாம் கீழே வரியாக ஓடும். வாய்க்காலைக் காவல் பார்க்கும் லஸ்கர் போனில் சொன்னதை எழுத்துப்பிழையோடு அப்படியே அடித்துவிடுவார்கள். மஞ்சள் விலை, மின்தடை, யார் தவறினார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் எல்லாம் வரும். எங்கள் அப்பத்தா சீரியலே பார்க்காது, அந்த இரங்கல் போட்டோவுக்காகத்தான் டிவி முன்னால் உட்காரும். ஊருக்கே கேபிள் லைன் கிளம்புகிற அவருடைய கண்ட்ரோல் ரூமை வெளியூர் ஆள் வாங்கிவிட்டார். இப்போது அந்த நம்பரில் நாள் முழுக்க ராசிக்கல் விளம்பரம்.

நொய்யல் கரை
திருப்பூரில் ஒரு பேப்பருக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு, விளம்பரம் பிடித்தால் கமிஷன். மழை பெய்த மறுநாள் ஆற்றில் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் நுரையோடு போனதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். 2011 ஜனவரியில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஊர், இது சின்னச் செய்தியா? டெஸ்க்கிலிருந்து போன் வந்தது. "தம்பி, தீபாவளி முழுப்பக்க விளம்பரம் சாயப்பட்டறைக்காரங்ககிட்டதானே வாங்கறோம், வேண்டாம்ப்பா." அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன், கெஞ்சினார். முன்பெல்லாம் இப்படி நின்றுபோனதை லோக்கல் டிவி நண்பரிடம் கொடுத்துவிடுவேன், அங்கே வந்துவிட்டால் எங்கள் ஆட்களும் போட்டாக வேண்டும். அதற்குள் அந்த டிவியையும் எங்கள் கம்பெனியே வாங்கியிருந்தது. போட்டோ இன்னமும் என் போனில்தான் இருக்கிறது.

பெருந்துறைக்காரன்
கோபி அண்ணா, பழைய கேபிள்காரரை ரொம்பத் தூக்கி வைக்காதீங்க. எங்கள் மாமா உள்ளாட்சித் தேர்தலில் நின்றார், எதிர்த்து நின்றவர் கேபிள்காரருக்குச் சம்பந்தி. மாமா பேசிய கூட்டம் ஒரு வரிகூட ஓடவில்லை, வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் எங்கள் வீதிக்கே லைன் கட். உள்ளூர் ஆளோ வெளியூர் ஆளோ, வயரும் செய்தியும் ஒரே கையில் இருந்தால் இதுதான் நடக்கும். 2005-ல் சன் குழுமம் தினகரனை வாங்கியபோது டிவி, பேப்பர், கேபிள் மூன்றும் ஒரே குடும்பத்திடம் சேர்ந்தது. 2011-ல் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது, நமக்குச் செலவு குறைந்தது, வயர் ஆட்சியில் இருப்பவர் கைக்குப் போனது. 2014 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தெளிவாகவே பரிந்துரைத்தது: கட்சிகளும் அரசாங்கமும் ஒளிபரப்பில் இறங்கக் கூடாது, மொழிவாரியாகச் சந்தையை அளந்து டிவி, பேப்பர் இரண்டிலும் ஒருவர் பிடிக்கு வரம்பு வேண்டும் என்று. சட்டம் வரவில்லை. 2022-ல் மறுபடியும் கருத்துக் கேட்டார்கள்.

நொய்யல் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். அந்த போட்டோவை அழித்துவிடாதீங்க, வாட்ஸ்அப்பில் அனுப்பியது போதாது, ஒரிஜினல் ஃபைலையே வேறு இடத்திலும் வையுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்க, அந்தத் தேதியில் ஆய்வு நடந்ததா, தண்ணீர் மாதிரி எடுத்தார்களா என்று தனித்தனியாகக் கேட்கணும், 30 நாளில் பதில் தந்தாகணும். அப்புறம் பழைய மார்ச் மாதப் பேப்பர் வீட்டில் கிடந்தால் புரட்டிப் பாருங்க, ஏதாவது ஒரு மூலையில் படிவம் 4 என்று சின்ன எழுத்தில் இருக்கும். உரிமையாளர் யார், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு யாரிடம் என்று அதிலேயே போட்டிருப்பார்கள்.

நொய்யல் கரை
மனு போடத் தெரியுங்கண்ணா, அதுதானே என் வேலையாக இருந்தது. பதில் வந்தால் அதை யார் போடுவார்கள்?

ஆனைமலை தோப்பு
தென்னையில் வேர்வாடல் வந்து பொள்ளாச்சிப் பக்கம் மரம் மரமாக வெட்டிக்கொண்டிருந்தபோது பெரிய சேனல் வண்டி ஒன்று வந்தது. ரோட்டோரம் நிழல் இருந்த தோப்பில் நிறுத்தி, நல்ல மரத்தைக் காட்டிப் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். நோய் விழுந்த மரம் நான்கு தோப்பு தள்ளி இருந்தது, நடக்கணும், அவ்வளவுதான். எங்கள் ஊர் யூடியூப் பையன்தான் உள்ளே நடந்து போய், மட்டையெல்லாம் மஞ்சளடித்து விலா எலும்பு மாதிரி வளைந்து தொங்கியதைக் கிட்டத்தில் எடுத்தான். ஆனால் அவனுக்குக் காசு வருவது பிரியாணிக் கடை திறப்பு விழாவில்தான். கேமராவை விற்கப் போகிறேன் என்றான், தோப்புக்காரர்கள் சிலர் சேர்ந்து மாதாமாதம் ஏதோ கொடுக்கிறோம். சரி, நாளைக்கு எங்கள் தோப்பிலேயே கூலித் தகராறு வந்தால் எடுப்பாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எடுத்தாகணும் தம்பி, அதற்காகக் காசு நிற்காது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தோம். கூட இருந்த இரண்டு பேருக்கு அதில் மனசில்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.