தமிழ் சப்டைட்டில்: ‘காளை’க் கதைக்கு ஒரு சொற்றொடர் வேண்டும்

நண்பர்களே, ஒரே வரியில் 4 நாளாக நிற்கிறேன்.

படம்: மைக்கேல் விண்டர்பாட்டம் இயக்கிய ‘எ காக் அண்ட் புல் ஸ்டோரி’ (2005). லாரன்ஸ் ஸ்டெர்னின் ‘டிரிஸ்ட்ராம் ஷாண்டி’ நாவலைப் படமாக்கத் திண்டாடும் படக்குழுவைப் பற்றிய நகைச்சுவை. ஸ்டீவ் கூகன் டிரிஸ்ட்ராம், அவன் அப்பா, கூடவே ஸ்டீவ் கூகன் என்ற நடிகர், மூன்றாகவும் வருகிறார். மதுரையில் வரும் சனிக்கிழமை நண்பர்களுக்குத் திரையிடுகிறோம்; மற்ற வரிகள் எல்லாம் முடிந்துவிட்டன.

சிக்கல் தலைப்பில்தான். சொல்லுக்குச் சொல் அது ‘சேவல் காளைக் கதை’; ஆனால் ஆங்கில வழக்கில் அதற்குக் கட்டுக்கதை என்று பொருள். இருந்தாலும் 1767இல் வந்த, நாவலின் ஒன்பதாம் பாகத்தின் முடிவில் நிஜமாகவே ஒரு காளையைப் பற்றிய பேச்சு: அதனால் பசுவைச் சினையாக்க முடியுமா என்று. அந்த இரட்டை அர்த்தத்தில்தான் நாவலே முடிகிறது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

‘கட்டுக்கதை’ போட்டேன், காளை போய்விட்டது. ‘சேவல் காளைக் கதை’, பொய் என்பது தெரியவில்லை. ‘காதில் பூச்சுற்றல்’, மாடே இல்லை. ‘எருது ஈன்றது என்றால் தொழுவத்தில் கட்டு’ என்ற பழமொழி மிக நெருங்கி வருகிறது, ஆனால் திரையில் 2 விநாடிக்கு நீளம்.

மாடும் புளுகும் சேர்ந்து வரும், நான்கு சொல்லுக்குள் அடங்கும் வழக்கு உங்கள் ஊரில் ஏதாவது இருக்கிறதா?