குன்னூர் குளிரில் ஜீப்ரா மீன் துடுப்பு: மணிக்கணக்கு இங்கே செல்லாது

ஜீப்ரா மீன் முட்டையிட்ட 48 மணி நேரத்தில் கருவுக்கு மார்புத் துடுப்பு நீண்டு நிற்கும் என்று கோயம்புத்தூர் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான் அண்ணா, ஆனால் அது தண்ணீர் 28.5 டிகிரியில் இருந்தால். ஜீப்ரா மீன் ஆய்வாளர் சார்லஸ் கிம்மலின் குழு 1995-ல் போட்ட கரு வளர்ச்சி அட்டவணை அந்தச் சூட்டுக்கானது. குன்னூர் டிசம்பருக்கு அது எங்கே தெரியும்?

நான் இங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். மேட்டுப்பாளையம் கடையில் வாங்கிய ஜீப்ரா மீன்கள்தான். தொட்டி அடியில் கோலிக்குண்டு பரப்பினால் முட்டை இடுக்கில் விழுந்து தப்பிக்கும், இல்லாவிட்டால் பெற்றதே தின்றுவிடும்.

இங்கே தொல்லை கரண்ட்தான். கற்பூர மரக் கிளை ஒயரில் விழுந்தால் ஹீட்டர் அணைந்துவிடும். கருக்களை வைத்திருக்கும் தட்டு 25 டிகிரியில் இருந்தால்கூட 48 மணிக்கு வர வேண்டிய துடுப்பு ஏறக்குறைய 60 மணிக்குத்தான் வரும். அதற்கும் கீழே இறங்கி நெடுநேரம் நின்றால் கருவே கோணலாகிவிடலாம். அதனால் எங்கள் பதிவேட்டில் மணியோடு துடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் கட்டாயம் எழுதச் சொல்வேன்.

பார்க்கத் தெரிந்துவிட்டால் அழகான விஷயம் இது. ஒரு நாள் கழிந்ததும் தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்ன மேடு தெரியும், அப்புறம் அதன் விளிம்பில் தோல் மடிந்து, அந்த மடிப்பு நீண்டு விசிறியாக விரியும். இதைத் தொடங்கிவைக்கும் டிபிஎக்ஸ்5 மரபணுதான் நம் கை முளைக்கவும் தேவை. அது பழுதான மீன் கருவுக்கு மார்புத் துடுப்பே வராது, இதயமும் ஒழுங்காக உருவாகாது. மனிதர்களில் அதே மரபணுக் கோளாறு கையையும் இதயத்தையும் சேர்த்துப் பாதிக்கும் ஹோல்ட்-ஓரம் நோயாக வருகிறது. பிள்ளைகள் இதைக் கேட்ட பிறகுதான் நுண்ணோக்கியை விட்டு நகர மறுக்கிறார்கள்.

மற்ற துடுப்புகள் நிதானமாக வரும். முதலில் உடம்பின் பின்பாதியைச் சுற்றி ஒரே தோல் மடிப்புதான், அதிலிருந்து வால், முதுகு, மலவாய்த் துடுப்புகள் பிரியும். இடுப்புத் துடுப்புக்குத் தனி மொட்டு, அதுதான் கடைசி, மூன்று வாரமாவது ஆகும். இந்தக் கட்டத்தில் வயதைச் சொல்வதே வீண். ஒரே நாளில் பிறந்தவற்றில் ஒன்றுக்கு இடுப்புத் துடுப்பு வந்திருக்கும், பக்கத்தில் நீந்துகிற இன்னொன்றுக்கு மொட்டுகூட இருக்காது. தீனியும் நெருக்கமும் செய்கிற வேலை. உடல் நீளத்தை அளந்து எழுதுங்கள்.

கொடைக்கானல் அக்கா ஹீட்டர் இல்லாமல் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அக்கா, கோடையிலேயே ராத்திரி இறங்கிவிடும். கரண்ட் போனால் நாங்கள் தெர்மோகோல் பெட்டிக்குள் வெந்நீர் பாட்டிலோடு தட்டை மூடிவைப்போம். பாட்டில் தட்டைத் தொடக் கூடாது, உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் போட்டுவிடுங்கள், 33-ஐத் தாண்டினாலும் கருவுக்கு ஆகாது.