மறுமொழி: ‘உயர் பகு எண்’ பொருந்துமா?

> ராமானுஜன் 1915-இல் எழுதிய கட்டுரையில் வரும் எண்களை ‘உயர் பகு எண்’ என்றே சொல்லலாமே. ‘பகு எண்’ பள்ளியிலேயே படித்த சொல்.

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

பள்ளிச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ராமானுஜன் ‘highly composite numbers’ என்று அழைத்த இந்த எண்கள், தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்டவை; வரிசை 1, 2, 4, 6, 12, 24 என்று போகிறது. 1 பகு எண்ணில் சேராது, 2 பகா எண். பெயரில் ‘பகு’ வைத்தால் முதல் இரண்டுக்குமே விலக்கு சொல்லியாக வேண்டும். ‘உயர்’ என்றால் எதில் உயர்வு என்பதும் தெரியவில்லை.

முன்பு ஒருவர் சொன்ன ‘மிகுகாரணி எண்’ இதைவிட நெருங்கி வருகிறது. ஆனால் அது ‘மிகையெண்’ணோடு குழம்பும். மிகையெண்ணில் பார்ப்பது, அந்த எண்ணைத் தவிர்த்த மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை அதைவிட மிகுகிறதா என்பது. 20 ஒரு மிகையெண் (1+2+4+5+10 = 22). ஆனால் அதற்குள்ள 6 காரணிகள் 12-க்கே இருப்பதால் இந்த வரிசையில் அதற்கு இடமில்லை.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சுவது, இவ்வளவுதான் வரையறை. அதனால் ‘காரணி விஞ்செண்’ என்று முன்மொழிகிறேன். சுருக்கமாக ‘விஞ்செண்’. ‘பகு எண்’ போலவே வினைத்தொகை. குற்றியலுகரம் கெட்டு ஒரே சொல்லாகச் சேர்ந்துகொள்வது கூடுதல் வசதி.

சொல் தாங்குகிறதா என்று ஒரு பெரிய எண்ணில் சோதித்தேன்: 293318625600. ராமானுஜனின் அட்டவணையில் விடுபட்டுப்போன விஞ்செண் இது. பகாக் காரணிகளாகப் பிரித்தால்

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் எங்கும் ஏறாமல் இறங்கியே வருகின்றன. எல்லா விஞ்செண்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகள் 5040. அந்த 5040-உம் ஒரு விஞ்செண், அதற்குக் காரணிகள் 60. அறுபதும் விஞ்செண், காரணிகள் 12. அப்புறம் 6, 4 என்று இறங்கி, 4-இன் காரணிகளை எண்ணினால் 3. அங்கேதான் சங்கிலி அறுகிறது. 3-க்கு 2 காரணிகள், 2-க்கும் 2. நிகராக நிற்கிறதே தவிர விஞ்சவில்லை. இதைக் கையால் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது!

3, 8 போல முந்தைய எண்களோடு நிகராக நிற்பவற்றையும் விஞ்செண்களோடு சேர்த்துக்கொள்ளும் இன்னொரு வகை உண்டு. எந்தச் சிறிய எண்ணுக்கும் தாழாதவை என்பதால் அவற்றைத் ‘தாழா எண்’ எனலாம். ‘பகா எண்’ணின் அச்சிலேயே அமைகிறது.

ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதே 1915 கட்டுரையில் விஞ்செண்களுக்குள்ளேயே கடுமையான ஓர் உள்வகை (ஆங்கிலத்தில் ‘superior highly composite numbers’) வருகிறது: 2, 6, 12, 60, 120, 360, 2520… இதில் 4-உம் 24-உம் வராது. ‘தலை விஞ்செண்’ என்று நினைத்தேன், ஆனால் ‘தலை’ என்றதும் வரிசையின் முதல் எண் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கம். வேறு அடைமொழி தோன்றினால் சொல்லுங்கள்.