இங்கிலாந்துக்கு வந்த சில மாதங்களிலேயே கம்பெனி கைமாறினால்

தம்பி, வந்து 5 மாதத்திலேயே கம்பெனியை விற்றுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ரெடிங்கில் நான் வேலை பார்த்த இடம் 7 வருடத்தில் இரண்டு முறை கைமாறியது. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதல் நாள் கேக் வெட்டி, "எதுவும் மாறாது" என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அடுத்த வாரமே வரவேற்பறைச் சுவரிலிருந்து பழைய பெயரைக் கழற்றினார்கள். எழுத்துகள் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பல மாதம் தெரிந்துகொண்டே இருந்தது. விடுப்பு கேட்க இரண்டு மென்பொருள், ஒரே வேலைக்கு இரண்டு மேலாளர்கள். ஒருவர் செய் என்றதை மற்றவர் நிறுத்து என்பார். வாங்கியவர்களின் ஆட்கள் ஒரு மேசையிலும் நாங்கள் இன்னொரு மேசையிலும் சாப்பிட்டோம். தலைமைக்கோ அடுத்த கம்பெனியை வாங்குவதில்தான் கண். வாங்கியதை ஒன்றாகச் சேர்க்கும் வேலையை யாரும் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரு மேலாளர்களுக்கும் தலையாட்டாதீர்கள். நான் ஆட்டினேன், இரவு பத்து மணிவரை இருவர் சொன்னதையும் இழுத்துப் போட்டுச் செய்தேன். எது முதலில் என்று இருவருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். இங்கே அதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விற்பனை எந்த வகை என்று மனிதவளத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பங்குகளை மட்டும் வாங்கியிருந்தால், சட்டப்படி உங்களை வேலைக்கு வைத்திருப்பது பழைய கம்பெனிதான். ஒப்பந்தம் அப்படியே நிற்கும். தொழிலையே வேறு கம்பெனிக்கு மாற்றியிருந்தால், கைமாறும்போது ஊழியர்களைக் காக்கும் 2006ஆம் ஆண்டின் டியூப்பி (TUPE) விதிகள் உண்டு: சம்பளம், விடுப்பு, பணிக்காலம் எல்லாம் உங்களோடு கூடவே வரும். பணிக்காலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள், ஆட்குறைப்பு இழப்பீடு கிடைக்க 2 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். புது ஒப்பந்தத்தை நீட்டினால் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். வேலை உரிமைகளுக்கான ஏகாஸ் (Acas) அமைப்புக்குப் போன் செய்தால் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

எல்லாவற்றையும்விட விசா அவசரம். உங்களுடையது ஸ்கில்டு வொர்க்கர் விசா, அதாவது கம்பெனி பொறுப்பேற்று வரவழைக்கும் வேலை விசா என்றால், கைமாறியதை 20 வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிப்பது கம்பெனியின் கடமை. புது முதலாளியிடம் ஸ்பான்சர் உரிமம் (வெளிநாட்டவரை இந்த விசாவில் வேலைக்கு வைக்கும் அனுமதி) இல்லாவிட்டால், அதற்கு விண்ணப்பிக்கவும் அதே கெடுதான். தவறினால் உங்கள் விசாவை 60 நாளாகச் சுருக்கிவிடக்கூடும். யார் தெரிவித்தார்கள், எந்தத் தேதியில் என்று எழுத்தில் வாங்குங்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அரசு இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. புதியவர்களின் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றிரவே பார்த்துவிட்டு எழுதுங்கள்.